குத்துவிளக்கின் வயிற்றில் சிவப்புச் சட்டையோடு நான்: எடிட்டில் நீக்க முடியுமா?

காவிரிக்கரை | திங்கள், இரவு 9:40

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு 40 வினாடி விளம்பரம் எடுத்தேன். நாச்சியார்கோவில் குத்துவிளக்குதான் அவர்களுடைய முக்கியச் சரக்கு. கேமரா, லைட், எடிட்டிங், டீ வாங்கி வருவது எல்லாம் நான் ஒருவன்தான். எடுக்கும்போது கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து பெரிய மானிட்டரில் போட்டதும் வயிறு கலங்கிவிட்டது.

மூன்று ஷாட்டில் பிரச்சினை. முதலாவது, 6 வினாடி ஸ்லைடர் ஷாட். விளக்கின் தண்டிலும் தகழியின் அடிவயிற்றிலும் சிவப்புச் சட்டையோடு நான், பக்கத்தில் டிரைபாட் கால்கள். இரண்டாவது, தெருவில் நின்று கடையின் கண்ணாடி ஷோகேஸை எடுத்தது. டிரைபாடில் அசையாமல் இருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் விளக்குகளின் மேல் ஆட்டோவும் பஸ்ஸும் ஓடுகின்றன. மூன்றாவது, முதலாளி பேசுவது. அவருடைய மூக்குக்கண்ணாடியில் இரண்டு பக்கமும் எல்இடி பேனல் சதுரமாக மின்னுகிறது.

4கே, 25 ஃப்ரேம், 8-பிட் எச்.264. நிறத்தைப் பின்னால் திருத்த வசதியான லாக் முறையில் எடுக்கவில்லை. கையில் இருப்பது டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். தண்டின் மேல் மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடத்தை மட்டும் வரைந்து தேர்ந்தெடுத்து, பிளர் செய்து பார்த்தேன். விளக்கில் யாரோ வாஸ்லின் தடவியது போல் இருக்கிறது.

---

கல்யாண கேமரா | திங்கள், இரவு 10:05

தம்பி, அரை நாள் வேலை. கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு போய் மறுபடியும் எடுத்துவிடுங்கள். எடிட்டில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்வதைவிட அது சுலபம்.

---

காவிரிக்கரை | திங்கள், இரவு 10:11

அண்ணா, அந்த விளக்கு விற்றுப்போய்விட்டது. 5 அடி உயரம், ஏதோ ஒரு கல்யாணத்துக்கு வாங்கிப் போய்விட்டார்களாம்.

---

ஒளியன் | திங்கள், இரவு 11:20

மூன்றையும் 'ரிஃப்ளெக்ஷன்' என்று ஒரே பெயரில் சொல்கிறீர்கள். மூன்றும் மூன்று நோய். ஷோகேஸில் இருந்து தொடங்குகிறேன், அதுதான் முழுசாகக் குணமாகும்.

கண்ணாடியில் விழும் பிம்பம் எதையும் மறைப்பதில்லை. உள்ளே இருந்து வரும் வெளிச்சத்தின் மேல் வெளியே இருந்து கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். சாதாரணக் கண்ணாடியை நேராகப் பார்த்தால் ஒரு பரப்புக்குச் சுமார் 4 சதவீதம், முன்பரப்பு பின்பரப்பு சேர்த்து 8 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். 8 சதவீதம்தானே என்று நினைக்க வேண்டாம். நல்ல வெயிலில் எதிர்ச்சுவரில் விழுவது 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவில் இருக்கும். கடைக்குள் 500 லக்ஸ் இருந்தால் பெரிய விஷயம். 1,00,000-இல் 8 சதவீதம் 8,000. உள்ளே இருக்கும் விளக்கைவிட எதிர்ச்சுவர் 16 மடங்கு பலமாகத் தெரியும், விளக்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும். உங்கள் தெரு அந்த நேரத்தில் நிழலில் இருந்திருக்க வேண்டும். 5,000 லக்ஸ் என்று வைத்துக்கொண்டால் பிம்பத்துக்கு 400, உள்ளே 500. அதனால்தான் இரண்டும் சரிபாதியாகக் கலந்து தெரிகின்றன. தப்பித்தீர்கள்.

இப்போது வழி. பிம்பம் வெளிச்சத்தைக் கூட்ட மட்டுமே செய்யும், குறைக்காது. கேமரா அசையவில்லை, விளக்குகள் அசையவில்லை, வண்டிகள் மட்டும் ஓடுகின்றன. அப்படியானால் ஒவ்வொரு புள்ளிக்கும் அந்த ஷாட் முழுவதிலும் எது மிக இருட்டான மதிப்போ, அதுதான் உண்மைக்கு மிக அருகில் இருப்பது. ஷாட்டின் வெவ்வேறு இடங்களில் இருந்து 5, 6 ஃப்ரேம்களை எடுங்கள். டைம்லைனில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேலே இருப்பவை எல்லாவற்றுக்கும் காம்போசிட் மோடை 'டார்க்கன்' என்று மாற்றுங்கள். வண்டிகள் காணாமல் போகும். அந்த ஸ்டில்தான் உங்கள் கிளீன் பிளேட், அதாவது பிம்பம் இல்லாத சுத்தமான படம். இலவசப் பதிப்பே போதும்.

ஆசைப்பட்டு 50 ஃப்ரேம் அடுக்க வேண்டாம். ஒவ்வொரு புள்ளியிலும் மிக இருட்டான நாய்ஸையும் (படத்தில் துடிக்கும் பொடிப் புள்ளிகள்) சேர்த்துப் பொறுக்கி எடுத்துவிடும், படம் முழுக்க மங்கிப்போகும்.

---

பட்டன்தட்டி | செவ்வாய், காலை 7:15

ஏன் இவ்வளவு சுற்றி வளைக்கிறீர்கள்? இப்போது எல்லாவற்றுக்கும் ஏஐ இருக்கிறது. ரிசால்வின் கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவில் ஆப்ஜெக்ட் ரிமூவல், ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் கன்டென்ட் அவேர் ஃபில். மாஸ்க் போடு, பட்டனைத் தட்டு, டீ குடித்துவிட்டு வா.

---

ரோட்டோ மீனா | செவ்வாய், காலை 8:50

பட்டன்தட்டி தம்பி, அந்தப் பட்டனை நானும் தட்டியிருக்கிறேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் அது வந்தது 2019-இல். வந்த வாரமே ஒரு நகை விளம்பரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, மூன்று இரவு கையால் பெயின்ட் செய்தேன்.

அந்தக் கருவிகள் எப்படி யோசிக்கின்றன என்று பாருங்கள். ரோட்டில் ஒருவர் நடந்து போகிறார், அவருக்குப் பின்னால் சுவர். இந்த ஃப்ரேமில் அவர் மறைக்கும் சுவர் அடுத்த ஃப்ரேமில் தெரியும். அங்கிருந்து எடுத்து இங்கே ஒட்டும். பித்தளையில் உங்கள் உருவத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் எந்த ஃப்ரேமிலும் நீங்கள்தான் இருக்கிறீர்கள். கருவிக்கு எடுக்க எதுவும் கிடைக்காது, தானே கற்பனை செய்யும். ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறாகக் கற்பனை செய்யும். ஓடவிட்டால் தண்டு கொதிக்கிற பால் மாதிரி அலையும்.

விளக்கு ஷாட்டைப் பற்றி மதியம் விரிவாக எழுதுகிறேன். இப்போது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும்.

---

கல்யாண கேமரா | செவ்வாய், காலை 9:30

பிம்பத்தைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்றை லென்ஸில் போட்டிருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. 1,500 ரூபாய் சமாச்சாரம்.

---

ஒளியன் | செவ்வாய், காலை 10:02

ஷோகேஸுக்குச் சரி. அதுவும் பாதிதான். கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டில் இருந்து சுமார் 56 டிகிரி சாய்வில் நின்றால் போலரைசர் பிம்பத்தை ஏறக்குறைய முழுசாக விழுங்கிவிடும். தம்பியைப் போல நேர் எதிரே நின்றால் அதற்கு ஒன்றும் வேலை இல்லை, ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம்தான் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்).

பித்தளைக்கு எந்தச் சாய்விலும் உதவாது. கண்ணாடி, தண்ணீர், வார்னிஷ் அடித்த மரம் இவற்றில் பட்டுத் திரும்பும் ஒளிதான் ஒரே திசையில் அதிரும்படி ஒழுங்காகும், போலரைசர் தடுப்பது அதைத்தான். உலோகத்தில் பட்டு வருவது பெரும்பாலும் ஆகாது. முகம் பார்க்கும் கண்ணாடிக்கும் அதே கதைதான், அதன் முதுகில் இருப்பது உலோகப் பூச்சு. அப்புறம், எடுத்து முடித்த காட்சியில் போலரைசரைச் சேர்க்க எந்த மென்பொருளாலும் முடியாது. அந்தத் தகவல் ஃபைலிலேயே இல்லை.

---

காவிரிக்கரை | செவ்வாய், மதியம் 1:10

ஒளியன் அண்ணா, அடுக்கிப் பார்த்தேன். வண்டிகள் போய்விட்டன, ஆச்சரியமாக இருந்தது! ஆனால் படம் திட்டுத்திட்டாக இருண்டிருக்கிறது. எதிர்க்கடை போர்டும் போகவில்லை.

---

ஒளியன் | செவ்வாய், மதியம் 1:42

ஆட்டோ எக்ஸ்போஷரில் எடுத்தீர்களா? வெள்ளை பஸ் வந்ததும் கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கியிருக்கும். அந்த ஃப்ரேமில் எல்லாமே இருட்டு, அதனால் 'டார்க்கன்' அதையே பிடித்துக்கொள்கிறது. பஸ் இருக்கும் ஃப்ரேம்களைத் தவிர்த்து, ஒரே வெளிச்ச அளவு உள்ளவற்றைக் கையால் பொறுக்குங்கள்.

போர்டு போகாது. அது அசையவே இல்லையே. எந்த ஃப்ரேமிலும் அங்கே கூட்டல் இருக்கிறது. இன்று இரவு அதே இடத்தில் டிரைபாடைப் போட்டு, அதே லென்ஸில் 10 வினாடி எடுங்கள். வெளியே இருட்டு, உள்ளே விளக்கு எரியும், பிம்பம் தன்னால் போய்விடும். எதிர்க்கடை போர்டை அணைத்த பிறகு எடுங்கள். ஷோகேஸ் அடுக்கு மாறவில்லை என்றால் அதுவே பிளேட்.

---

காவிரிக்கரை | செவ்வாய், மதியம் 1:50

ஆமாம், ஆட்டோதான். திட்டாதீர்கள். ஷோகேஸை மாதம் ஒருமுறைதான் மாற்றுவார்களாம், கேட்டுவிட்டேன்.

---

ரோட்டோ மீனா | செவ்வாய், மாலை 4:25

சரி, விளக்குக்கு வருகிறேன்.

முதலில் ஒரு சின்ன வடிவியல். வெளிப்பக்கம் வளைந்த எந்தப் பளபளப்பான பொருளிலும் கேமராவுக்கு நேராகப் பார்க்கும் ஓர் இடம் இருக்கும். அந்த இடம் கேமராவையேதான் காட்டும். நீங்கள் இடது பக்கம் நகர்ந்தால் அதுவும் உங்களோடு நகரும். தப்பிக்க வழியில்லை, சின்னதாக்கலாம், இருட்டாக்கலாம், அவ்வளவுதான். அதனால் உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். திட்ட வேண்டியது சட்டையை மட்டும்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது. கடைசல் பிடித்த விளக்கு எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஒரே உருவம். ஸ்லைடர் நகரும்போது விளக்கில் வெட்டிய பூவேலை ஒரு பக்கமாக நகர்ந்து போகும். உங்கள் உருவம் நகராது, தண்டின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் ஏறக்குறைய அப்படியே நிற்கும். பலரும் பூவேலையைப் பிடித்து டிராக் செய்வார்கள், அதாவது மாஸ்க்கை அதைப் பின்தொடர வைப்பார்கள். மாஸ்க் அதோடு சேர்ந்து போய்விடும், உருவம் பின்தங்கி வெளியே வந்துவிடும். நீங்கள் விளக்கின் வெளிக்கோட்டை, இரண்டு ஓரங்களை, பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு வரும்.

இப்போது முக்கியமான விஷயம். உருவத்தை நீக்காதீர்கள். பித்தளை என்று நாம் பார்ப்பதே அதில் விழும் பிம்பங்களைத்தான். சுத்தமாகத் துடைத்தால் மிஞ்சுவது மஞ்சள் பெயின்ட் அடித்த குழாய். நீங்கள் பிளர் செய்தபோது வாஸ்லின் மாதிரி ஆனதும் இதனால்தான். கெட்ட பிம்பத்தை நல்ல பிம்பமாக மாற்ற வேண்டும்.

சிவப்புச் சட்டையை மட்டும், நிறத்தை மாற்றும் ஹியூ கர்வில் பிடித்துப் பித்தளை மஞ்சளுக்குத் தள்ளுங்கள். மாஸ்க்குக்குள் மட்டும். கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் இறக்குங்கள். மனித உருவம் என்று கண்டுபிடிக்க வைப்பது நிறமும் தலையும்தான். தலையை மட்டும், தண்டில் அதற்குச் சற்று மேலே இருக்கும் துண்டை எடுத்து மூடுங்கள், ஓரங்களை நன்றாக மிருதுவாக்கி. டிரைபாட் கால்களைத் தொடவே வேண்டாம். மேலிருந்து கீழே ஓடும் கருப்புக் கோடு உலோகத்துக்கு அழகு. ஸ்டூடியோவில் பாத்திரம் எடுப்பவர்கள் அதற்காகவே பக்கவாட்டில் கருப்பு அட்டை வைப்பார்கள். உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

ஒட்டிய துண்டின் மேல் கொஞ்சம் கிரெய்ன், அதாவது பொடிப் புள்ளிகள், சேர்க்க மறக்காதீர்கள். சுற்றிலும் நாய்ஸ் துடிக்கும்போது அந்த இடம் மட்டும் செத்துக் கிடந்தால் கண் அங்கேதான் போகும்.

---

ஸ்டீன்பெக் தாத்தா | செவ்வாய், மாலை 6:00

மீனா சொன்னதில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன். ஃபிலிம் காலத்தில் இதை எல்லாம் செட்டிலேயே முடித்துவிடுவோம். கேமராவைச் சுற்றிக் கருப்புத் துணி, லென்ஸுக்கு மட்டும் ஓட்டை. துணியும் தெரியும், ஆனால் கருப்புக் கோடாகத் தெரியும். எதிரே பெரிய தெர்மோகோல் வைத்தால் விளக்கு முழுக்க வெள்ளைப் பட்டை ஓடும். அதுவும் ரிஃப்ளெக்ஷன்தான், நாங்கள் தேர்ந்தெடுத்த ரிஃப்ளெக்ஷன்.

---

காவிரிக்கரை | புதன், காலை 11:35

மீனா அக்கா, ஓரத்தைப் பிடித்து டிராக் செய்ததும் மாஸ்க் பசை போட்டது மாதிரி நின்றது. சட்டை மஞ்சளாகிவிட்டது. ஆனால் அதோடு விளக்கில் வைத்த குங்குமப் பொட்டும் மஞ்சளாகிவிட்டது. முதலாளி பார்த்தால் என்னைக் கொன்றுவிடுவார்.

---

ரோட்டோ மீனா | புதன், காலை 11:50

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். குங்குமம் விளக்கின் உடம்பில் இருக்கிறது, நீங்கள் பிம்பத்தில் இருக்கிறீர்கள். குங்குமத்துக்குத் தனி மாஸ்க் போட்டு, அதைப் பூவேலையோடு டிராக் செய்து, முதல் மாஸ்க்கில் இருந்து கழித்துவிடுங்கள். அந்த ஒன்றுக்குத்தான் பூவேலை டிராக் தேவை.

---

பட்டன்தட்டி | புதன், மதியம் 12:30

சரி, பித்தளைக்குத் தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடிக்கு ஏஐ வந்துவிட்டது. அடோபியின் புகைப்படத் திருத்தக் கருவியான கேமரா ராவில் 2024 டிசம்பரில் ஜன்னல் பிம்பத்தை நீக்கும் வசதி வந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

---

ஒளியன் | புதன், மதியம் 1:15

நல்ல கருவிதான், மறுக்கவில்லை. அது ஒற்றைப் புகைப்படத்துக்கு. கேமரா நகரும் வீடியோவில் ஃப்ரேம் ஃப்ரேமாகப் போட்டால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வேறு முடிவு எடுத்து மினுக்கும். தம்பியின் ஷோகேஸ் அசையாத ஷாட், ஒரே ஒரு பிளேட் போதும் என்பதால் இந்த மாதிரிக் கருவிக்கு இடம் உண்டு. இரவில் போய் எடுக்க முடியாத நிலை என்றால் நானே அதை முயன்றிருப்பேன்.

கேமரா நகர்ந்தால் வேறு ஒரு பிடி கிடைக்கும். கண்ணாடியில் தெரியும் தெரு, கண்ணாடியின் மேல் ஒட்டியிருப்பதில்லை. கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு தூரம் பின்னால் இருப்பது போல நடந்துகொள்ளும். உள்ளே இருக்கும் விளக்கு 2 அடியில், பிம்பம் 30 அடியில். அதனால் இரண்டும் வேறு வேறு வேகத்தில் நகரும். 2015-இல் எம்ஐடி, கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இதை வைத்துத்தான் போனைச் சற்றே நகர்த்தி எடுத்த சில படங்களில் இருந்து இரண்டு அடுக்கையும் பிரித்துக் காட்டினார்கள். கையால் செய்பவர்களுக்கும் பாடம் அதேதான்: ஷோகேஸ் சட்டத்தை டிராக் செய்து துண்டு ஒட்டினால் வழுக்கும், உள்ளே இருக்கும் பொருளை டிராக் செய்ய வேண்டும்.

இன்னொன்று. யாராவது பிம்பத்தைக் கழித்து எடுக்க நினைத்தால் லீனியருக்கு, அதாவது எண்கள் உண்மையான வெளிச்சத்துக்கு நேர்விகிதமாக இருக்கும் முறைக்கு, மாற்றிய பிறகு கழியுங்கள். காமா ஏறிய படத்தில், அதாவது அந்த விகிதம் வளைக்கப்பட்ட சாதாரணப் படத்தில், கழித்தால் பாதி இடத்தில் அதிகமாகவும் பாதி இடத்தில் குறைவாகவும் போகும். 'டார்க்கன்' முறைக்கு அந்தக் கவலை இல்லை. எது சின்னது என்று மட்டுமே பார்க்கிறது, காமா மாறினாலும் சின்னது சின்னதுதான்.

---

காவிரிக்கரை | புதன், இரவு 10:55

இரவுக் காட்சி எடுத்துவிட்டேன். காவலாளியிடம் ஒரு டீ செலவு. லென்ஸ் நிலை அரை அங்குலம் பிசகியிருந்தது, கொஞ்சம் பெரிதாக்கி நகர்த்திப் பொருத்தினேன். வெள்ளை பேலன்ஸும் மாற்ற வேண்டியிருந்தது. போர்டு போய்விட்டது. இனி மூக்குக்கண்ணாடிதான். அதில் பேனல் இருக்கும் இடம் வெறும் வெள்ளை, 8-பிட்டின் உச்ச மதிப்பான 255-இல் முட்டி நிற்கிறது.

---

கல்யாண கேமரா | வியாழன், காலை 6:40

இதற்கு நான் சொல்கிறேன், மண்டபத்தில் பாதி மாமாக்கள் கண்ணாடி போட்டவர்கள்தான். அடுத்த முறை லைட்டை இன்னும் உயர்த்திப் பக்கவாட்டில் தள்ளுங்கள். அப்போதும் தெரிந்தால், காதுக்கு மேல் கண்ணாடிக் கம்பியை லேசாக உயர்த்தச் சொல்லுங்கள். லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்து பிம்பம் தரைக்குப் போய்விடும். முன்னால் இருந்து பார்த்தால் தெரியாது.

இந்த முறைக்கு? எத்தனை வினாடி பேசுகிறார்?

---

காவிரிக்கரை | வியாழன், காலை 6:58

9 வினாடி. "எங்க தாத்தா காலத்துல இருந்து" என்று தொடங்குவார்.

---

ரோட்டோ மீனா | வியாழன், காலை 9:10

255-இல் முட்டிய இடத்தில் கண் இல்லை, வெறும் காகிதம். வேறு ஃப்ரேமில் இருந்து கண்ணை எடுத்து ஒட்டலாம், ஆனால் அவர் இமைப்பார், பார்வையை மாற்றுவார். ஒட்டிய கண் கொலைகாரன் மாதிரி முறைக்கும். முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் இதே மாதிரி ஒரு ஷாட்டுக்கு 4 நாள் உட்கார்ந்தேன். கடைசியில் அந்த ஷாட்டையே தூக்கிவிட்டார்கள். பணமும் பாதிதான் வந்தது.

கருவிழி தெரிகிறதா?

---

காவிரிக்கரை | வியாழன், காலை 9:14

தெரிகிறது. பேனல் மேல் பாதியில்தான். தலையைக் குனியும்போது மட்டும், 5-வது வினாடிக்குப் பிறகு, கருவிழிமேல் ஏறுகிறது.

---

ஸ்டீன்பெக் தாத்தா | வியாழன், காலை 9:45

அப்படியானால் ஏன் நீக்க வேண்டும்? முதல் 4 வினாடி முகத்தைக் காட்டு. "தாத்தா காலத்துல இருந்து" என்றதும் விளக்கின் அன்னத்துக்கு வெட்டு. குரல் அதன்மேல் ஓடட்டும். கடைசி வார்த்தைக்கு வேண்டுமானால் முகத்துக்குத் திரும்பு. கத்தரிக்கோல் இருக்கும்போது எதற்குப் பெயின்ட் பிரஷ்?

---

ரோட்டோ மீனா | வியாழன், காலை 9:52

தாத்தா சொல்வதுதான் சரி. மிஞ்சும் 4 வினாடிக்கு அந்தச் சதுரத்தின் நீலத்தை எடுத்துவிட்டு, ஓரத்தை மிருதுவாக்கி, ஒரு பங்கு மங்கலாக்கிவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் மாதிரி தெரியும். கண்ணாடி போட்டவர் கண்ணாடியில் ஜன்னல் தெரிவதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

---

காவிரிக்கரை | வெள்ளி, இரவு 8:30

கொடுத்துவிட்டேன்!

நடந்ததைச் சொல்ல வேண்டும். நேற்று இரவு எனக்குத் திமிர் ஏறிவிட்டது. சட்டை போனதும், டிரைபாட் கால், டியூப்லைட், கதவு என்று தண்டில் தெரிந்த எல்லாவற்றையும் துடைத்து ஒரு பதிப்பு செய்தேன். 7 மணி நேரம். காலையில் அதைத்தான் முதலில் காட்டினேன். முதலாளி இரண்டு முறை பார்த்தார். "ஏம்ப்பா, இது நம்ம விளக்குதானா? பாலிஷ் போடாம எடுத்துட்டியா?" என்றார். ஒன்றும் பேசாமல் லேப்டாப்பில் பழைய பதிப்பைத் திறந்தேன், டிரைபாட் கால்களோடு. "இதுதான்" என்றார்.

ஷோகேஸ் ஷாட்டில் வண்டிகள் இல்லாதது அவர் கண்ணில் படவே இல்லை. அதுதான் பெரிய பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆனால் தொப்பையைக் குறைக்க முடியுமா என்று கேட்டார்.

---

கல்யாண கேமரா | வெள்ளி, இரவு 9:02

அதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். எனக்கே தேவைப்படுகிறது.

---

ரோட்டோ மீனா | வெள்ளி, இரவு 9:40

நீங்கள் அனுப்பிய இணைப்பைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. 23-வது வினாடியில் ஒருமுறை நிறுத்துங்கள். அன்னத்தின் கழுத்து, வலது பக்கம். கடுகு அளவுக்குச் சிவப்பாக ஒருவர் நிற்கிறார்.

---

காவிரிக்கரை | வெள்ளி, இரவு 9:44

அக்கா, தயவுசெய்து யாரிடமும் சொல்லாதீர்கள். உள்ளூர் கேபிளில் ஓட ஆரம்பித்துவிட்டது.